வாயு மின்பிறப்பாக்கிக்கு ஏற்ற எஞ்சின் ஒயில்

கமக்காரர் விளைவித்த பொருள் கடைக்காரரின் கைக்கு மாறியதோடு அதன் பயணம் முடிந்துவிடுவதில்லை. கொழும்பு 13இல், புனித அந்தோனியார் திருத்தலத்தை அடுத்துள்ள கொச்சிக்கடையில், செவ்வாய்க்கிழமை தோறும் மக்கள் பெருந்திரளாகக் கூடுகின்றனர். அவர்கள் வாங்கும் பூவும் பாலும் தயிரும் மீனும் எங்கோ ஒரு தோட்டத்திலோ மாட்டுத் தொழுவத்திலோ கடற்கரையிலோ புறப்பட்டு, ஈற்றில் ஒரு கடையின் குளிர்ப்பெட்டியில் வந்து நிற்கின்றன. பசும்பாலை 4 பாகை செல்சியஸ் அளவிற் குளிரவைத்தால் ஓரிரு நாட்கள் கெடாது. கொழும்பின் சாதாரண வெப்பத்தில் அதே பால் சில மணித்தியாலங்களிற் புளித்துவிடும். ஆகவே குளிர்ப்பெட்டிக்கு மின்சாரம் நின்றுபோனால் நட்டம் கடைக்காரருக்கு மட்டும் உரியதன்று. அடுத்த நாட் கொள்வனவு குறைவதனால் அந்நட்டம் பண்ணை வரை சென்று சேரும்.

மின்சாரம் நின்ற நாட்களை எவரும் மறந்திரார். 2020 ஆகஸ்ட் 17ஆம் திகதி கெரவலப்பிட்டிய உபமின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாற்றினால் நாடு முழுவதும் இருண்டது. 2022 மார்ச்சு மாத இறுதியில் எரிபொருளின்மையால் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுல் செய்யப்பட்டது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த சேட்டை நாடு முழுவதையும் மின்சாரமின்றி நிறுத்தியது. இத்தகைய நாட்களை எண்ணியே சிறு வியாபாரிகளும், குஞ்சு பொரிக்கும் பெட்டி வைத்திருப்போரும், காளான் வளர்ப்போரும் வாயுவில் இயங்கும் சிறு மின்பிறப்பாக்கிகளை வாங்கி வைக்கின்றனர். வாங்கியவர்களுள் அநேகர் இயந்திரத்தின் விலையை விசாரிப்பதிற் காட்டிய அக்கறையில் நூறில் ஒரு பங்கினையேனும் அதனுள் ஊற்றும் ஒயிலிற் காட்டுவதில்லை. ஒயில் தவறினால் இயந்திரம் உடனே நிற்பதில்லை. தேவைப்படும் அன்றுதான் நிற்கும்.

குஞ்சு பொரிக்கும் பெட்டியை இங்கே குறிப்பிட்டமைக்குக் காரணமுண்டு. அதில் முட்டைகள் 21 நாட்கள், 37.5 பாகை செல்சியஸ் அளவில் இருத்தல் வேண்டும். முதற் கிழமையில் மின்சாரம் சிறிது நேரம் நின்றால் முட்டைகள் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். கடைசிக் கிழமையில் அவ்வாறன்று. வளர்ந்த கருக்கள் தாமே வெப்பத்தை வெளியிடுவதால், விசிறி நின்ற பெட்டியில் அவை வெப்ப மிகுதியாலும் காற்றுக் குறைவாலும் மடிகின்றன. மூன்று கிழமை உழைப்பு ஒரே மாலையில் வீணாகும்.

எந்த வாயு?

இயற்கை வாயுவைக் குழாய் மூலம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் வழங்கும் முறை இலங்கையில் இல்லை. மன்னார்க் கடற்படுகையில் 2011ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்ட இயற்கை வாயு இன்னும் வெளியே எடுக்கப்படவில்லை. ஒரு காலத்திற் கொழும்பிலே நிலக்கரியிலிருந்து வாயு காய்ச்சி விளக்கெரித்தனர்; புறக்கோட்டையிலுள்ள காஸ் வேர்க்ஸ் வீதி என்னும் பெயர் மட்டுமே அதற்கு இன்று சாட்சி. எனவே இந்நாட்டில் வாயு மின்பிறப்பாக்கி என்றால், அது சிலிண்டரில் வரும் சமையல் வாயுவிலோ, சாணத்திலிருந்து பெறும் உயிர்வாயுவிலோ இயங்குவதென்றே கொள்ளல் வேண்டும். இயற்கை வாயுவிற்கென எழுதப்பட்ட ஒயில் விதிகளிற் பெரும்பாலானவை சமையல் வாயுவிற்கும் பொருந்தும். உயிர்வாயுவிற்கு வேறு சில விதிகளும் சேரும். அவை பின்னர் கூறப்படும்.

பெற்றோலைத் தகரத்தில் மாதக்கணக்கில் வைத்திருந்தால் அது பழுதடைந்து, பிசின் போலாகிக் காபுரேற்றரை அடைத்துவிடும். சிலிண்டரிலுள்ள வாயு எத்தனை மாதம் கிடந்தாலும் கெடுவதில்லை. அவசரத்திற்கென வைத்திருக்கும் இயந்திரத்திற்கு இது பெரும் வசதி. ஆயினும் 2022இல் சமையல் வாயுவிற்கும் நீண்ட வரிசை நின்றதை மறத்தலாகாது. சிறு எஞ்சின்கள் ஓர் அலகு மின்சாரத்திற்கு ஏறத்தாழ 0.4 முதல் 0.5 கிலோகிராம் வரை வாயுவை எரிப்பதால், 12.5 கிலோகிராம் சிலிண்டர் ஒன்றிலிருந்து 25 முதல் 30 அலகு வரையே எதிர்பார்க்கலாம். நிரம்பிய சிலிண்டர் ஒன்று எப்பொழுதும் கையிருப்பில் இருத்தல் நன்று.

வாயு எரியும்போது ஒயிலுக்கு நேர்வது

பெற்றோல் எஞ்சினிலும் டீசல் எஞ்சினிலும் ஒயில் சில நாட்களிற் கறுத்துவிடும். வாயு எஞ்சினில் அவ்வாறு நிகழ்வதில்லை. வாயு புகைக்கரியின்றி எரிகிறது. எரியாத திரவ எரிபொருள் கசிந்து ஒயிலை நீர்க்கச் செய்வதும் இல்லை. ஆகையால் ஆறு மாதம் ஓடிய பின்னரும் அளவுக் கம்பியிற் பார்த்தால் ஒயில் தேன் நிறத்திலே தெளிவாகக் காணப்படும். இத்தெளிவே பலரை ஏமாற்றுகிறது. டீசல் நீரிறைக்கும் இயந்திரத்திற் பழகிய கை, “இன்னும் கறுக்கவில்லை” என்று கூறி ஒயிலை மாற்றாது விட்டுவிடும். வாயு எஞ்சினில் நிறம் ஒயிலின் நிலையைக் காட்டும் சான்றன்று.

உள்ளே நடப்பது வேறு. திரவப் பெற்றோல் ஆவியாகும்போது எஞ்சினுட் புகும் காற்றையும் வால்வுகளையும் சிறிது குளிரச் செய்கிறது. வாயு ஏற்கனவே ஆவியாக வருவதால் அக்குளிர்ச்சி கிடைப்பதில்லை. வால்வுகள் கூடுதலாகச் சூடேறுகின்றன. சூடான ஒயில் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து ஒட்சியேற்றம் அடைந்து தடிக்கிறது. அன்றியும் எரியறையின் மிகுந்த வெப்பத்தில் நைதரசனும் ஒட்சிசனும் கூடி உண்டாகும் வாயுக்கள், பிஸ்டன் வளையங்களைக் கடந்து ஒயிற் தொட்டியினுட் புகுந்து ஒயிலுடன் தாக்கம் புரிகின்றன. இதனால் ஒயில் மேலும் தடித்து, உலோகப் பரப்பின்மீது வார்னிஷ் பூசியது போன்ற ஒரு படையை விட்டுச் செல்கிறது. அப்படை வளையங்களைப் பற்றிக்கொண்டால் எஞ்சின் ஒயிலை எரிக்கத் தொடங்கும்.

தண்ணீரையும் மறத்தலாகாது. சமையல் வாயு ஒரு கிலோகிராம் எரியும்போது ஏறத்தாழ 1.6 கிலோகிராம் நீராவி உண்டாகிறது. அதிற் பெரும்பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். வளையங்களைக் கடந்து கீழிறங்கும் சிறுபங்கு, ஒயில் நன்கு சூடேறியிருந்தால் மூச்சுக்குழாய் வழியாக ஆவியாகிப் போய்விடும். ஒயில் சூடேறுமுன் எஞ்சினை நிறுத்திவிட்டால் அங்கேயே நீராகத் தங்கும். ஒயில் வார்க்கும் மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் போன்ற வெண்மையான பசை காணப்படின் இதுவே காரணம். “கிழமைக்கொருமுறை ஐந்து நிமிடம் ஓட்டி வைக்கிறோம்” என்று பெருமையாகக் கூறுவோர், உண்மையில் கிழமைக்கொருமுறை எஞ்சினுள் தண்ணீர் சேர்க்கின்றனர். இரண்டு கிழமைக்கொருமுறை, குளிர்ப்பெட்டியையோ வேறு பளுவையோ இணைத்து, அரை மணித்தியாலம் ஓட்டுதலே நலம்.

தகரத்தின்மேல் உள்ள எண்ணும் எழுத்தும்

எஸ்.ஏ.ஈ. என்பதன் அருகிலுள்ள எண் ஒயிலின் தரத்தைக் குறிப்பதன்று. அதன் பாகுநிலையை, அஃதாவது தடிப்பைக் குறிப்பது. 40 என்பது 30இலும் சிறந்தது என்று எண்ணுவது தவறு. 100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 9.3 முதல் 12.5 சென்ரிஸ்ரோக்ஸ் வரையுள்ள ஒயில் 30 என்றும், 12.5 முதல் 16.3 வரையுள்ளது 40 என்றும் வகுக்கப்பட்டுள்ளன. 10டபிள்யூ-30 என்பதிலுள்ள டபிள்யூ என்னும் எழுத்து குளிர்காலத்தைக் குறிப்பது. பனி பெய்யும் நாடுகளில் விடியற்காலையில் எஞ்சின் இலகுவாகச் சுழல்வதற்காக அது கருதப்படுகிறது.

காற்றாற் குளிர்விக்கப்படும் சிறு எஞ்சின்களுக்கு எஸ்.ஏ.ஈ. 30, 10டபிள்யூ-30, செயற்கை முறையில் ஆக்கப்பட்ட 5டபிள்யூ-30 ஆகிய மூன்றினையும் உற்பத்தியாளர்கள் பொதுவாக அனுமதிக்கின்றனர். இவற்றுட் கொழும்பிற்கு எது? எஸ்.ஏ.ஈ. 30 ஒயிலின் குறை யாதெனில், 4 பாகை செல்சியஸ் வெப்பத்திற்குக் கீழே எஞ்சின் கிளம்புதற்குச் சிரமம் தரும் என்பது. அத்தகைய குளிரைக் கொச்சிக்கடை கண்டதில்லை. 10டபிள்யூ-30 சாதாரண ஒயிலின் குறை, 27 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்திற் காற்றாற் குளிரும் எஞ்சின்கள் அதனைக் கூடுதலாக எரித்துக் குறைத்துவிடக்கூடும் என்பது. கொழும்பின் பகற்பொழுது பெரும்பாலும் அதற்கு மேற்பட்டதே. ஆகவே இந்நகரத்துச் சிறு மின்பிறப்பாக்கிக்கு, கையேடு அனுமதிக்குமாயின், எஸ்.ஏ.ஈ. 30 ஒயிலே முதலில் நோக்கத்தக்கது. பணம் செலவிட இயலுவோர் செயற்கை ஒயிலைத் தெரியலாம். அது வெப்பத்தினால் விரைவில் தடிக்காதாதலின் வாயு எஞ்சினுக்குப் பெரிதும் ஏற்றது. நுவரெலியாவிலே காளான் குடில் வைத்திருப்பவருக்கு இவ்விதி பொருந்தாது. அங்குள்ள விடியற்குளிருக்கு 10டபிள்யூ-30 அல்லது 5டபிள்யூ-30 வேண்டும்.

அடுத்து ஏ.பீ.ஐ. என்னும் முத்திரை. அதனுள் எஸ் என்னும் எழுத்தில் தொடங்கும் குறி, பிளக்கின் பொறியால் எரியும் எஞ்சின்களுக்கு உரியது. சீ என்னும் எழுத்தில் தொடங்குவது டீசல் எஞ்சின்களுக்கு உரியது. வாயு எஞ்சின் பிளக் உடையது. எனவே எஸ் வகுப்பே வேண்டும். எஸ்.ஜே., எஸ்.எல்., எஸ்.எம்., எஸ்.என்., எஸ்.பீ. என எழுத்து முன்னேற முன்னேற வகுப்பும் புதியதாகும். எஸ்.எல். 2001ஆம் ஆண்டிலும், எஸ்.என். 2010ஆம் ஆண்டிலும், எஸ்.பீ. 2020ஆம் ஆண்டிலும் வந்தவை. எஸ்.ஜே. அல்லது அதற்கு மேற்பட்டது என்று கையேட்டில் இருந்தால், எஸ்.என். தாராளமாக ஊற்றலாம். இரண்டடிப்பு எஞ்சினுக்குரிய ஒயிலை ஒருபோதும் ஊற்றலாகாது.

சாம்பல் என்னும் விடயம்

கடைகளில் எவரும் வினவாத, ஆனால் வாயு எஞ்சினுக்கு முதன்மையான பண்பு ஒன்றுண்டு. ஒயில் எஞ்சினைக் கழுவித் துப்புரவாக வைத்திருத்தற்கும் அமிலத்தை முறித்தற்கும் கல்சியம் முதலிய உலோகங்கள் அடங்கிய சேர்க்கைகள் அதிற் கலக்கப்படுகின்றன. ஒயிற் துளி எரியும்போது இவ்வுலோகங்கள் சாம்பலாக எஞ்சும். இதன் அளவு நூற்றுக்கு இத்தனை பங்கு எனத் தரவுத்தாளிற் குறிக்கப்பட்டிருக்கும்.

இச்சாம்பல் வேண்டியதா, வேண்டாததா என்றால் இரண்டும் உண்மை. வாயு உலர்ந்த எரிபொருள். அதில் வால்வுக்கும் அதன் இருக்கைக்கும் இடையே மெத்தைபோல் நிற்பதற்கு ஒன்றுமில்லை. ஒயிலிலிருந்து வரும் மெல்லிய சாம்பற் படையே அவ்வேலையைச் செய்கிறது. அது அறவே இல்லையெனின் வால்வு தன் இருக்கையை இடித்து இடித்து உட்பதிந்துவிடும். சாம்பல் மிகுந்தாலோ, அது பிஸ்டன் தலையிற் கட்டியாகப் படிந்து, நெருப்புத் தணல்போற் கனன்று, பிளக் பொறியிடுமுன்னரே வாயுவைப் பற்றவைக்கும். வால்வின் ஓரத்திற் படிந்தால் அது சரியாக மூடாமல் எரிந்து பள்ளம் விழும்.

மில்களிலும் பெரிய விடுதிகளிலும் ஆயிரக்கணக்கான மணித்தியாலம் ஓடும் பெரிய வாயு எஞ்சின்களுக்கு, சாம்பல் நூற்றுக்கு 0.5 பங்கு அளவுள்ள எஸ்.ஏ.ஈ. 40 ஒயில் தனியாகத் தயாரிக்கப்படுகிறது. கடைப் பின்முற்றத்திலுள்ள 3 அல்லது 5 கிலோவாற்று இயந்திரத்திற்கு அந்தச் சிறப்பு ஒயிலைத் தேடி அலைதல் வேண்டியதில்லை. எஸ் வகுப்பைச் சேர்ந்த இக்காலத்து ஒயில்களிற் சாம்பல் பொதுவாக நூற்றுக்கு ஒரு பங்கை அடுத்தோ அதற்குக் குறைவாகவோ இருப்பதால், ஆண்டுக்குச் சில பத்து மணித்தியாலம் ஓடும் எஞ்சினுக்கு அதுவே போதும். தவிர்க்க வேண்டியது, லொறிக்கென வாங்கி மிச்சமிருக்கும் டீசல் ஒயிலை இதில் ஊற்றும் பழக்கம். சீ.எச்.-4, சீ.ஐ.-4 முதலிய வகுப்புகளிற் சாம்பல் ஒரு பங்கைக் கடந்து நிற்பது வழக்கம். சில தகரங்களில் இரு குறிகளும் சேர்ந்து அச்சிடப்பட்டிருக்கும். அவ்விடத்துக் கையேட்டின் சொல்லையே ஏற்றல் வேண்டும், விற்பவரின் சொல்லையன்று.

பெற்றோல் எஞ்சினுக்கு மாற்றுக்கருவி பூட்டி வாயுவில் ஓட்டுவோர் ஆண்டுக்கொருமுறையேனும் வால்வு இடைவெளியை அளக்கச் செய்தல் வேண்டும். அவ்வெஞ்சினின் வால்வு இருக்கைகள் வாயுவிற்கென வன்மைப்படுத்தப்படாதனவாக இருக்கலாம். இடைவெளி குறைந்துகொண்டே வருமாயின் வால்வு உட்பதிகின்றது என்று அறிக. மாற்றிய பின் வலுவும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறையும். முன்பு தாங்கிய பளுவை முழுவதும் ஏற்றினால் எஞ்சின் சூடேறும், ஒயில் முதலிற் பாதிக்கப்படும்.

உயிர்வாயு பாவிப்போர்

மாட்டுப்பண்ணை உடையவர்கள் வரிசையில் நிற்காது பெறும் எரிபொருள் உயிர்வாயு. அதில் மெதேன் நூற்றுக்கு 50 முதல் 65 பங்கு வரை இருக்கும். மிகுதியிற் பெரும்பகுதி காபனீரொட்சைட்டு. இவற்றோடு ஐதரசன் சல்பைட்டும் சிறிதளவு கலந்திருக்கும். அழுகிய முட்டை நாற்றம் வீசுவது இதனாலே. எரியும்போது இது கந்தக அமிலங்களாக மாறி, ஒயிலின் அமிலமுறிக்கும் ஆற்றலைத் தின்றுவிடும். செம்பு கலந்த பேரிங்குகளையும் அரிக்கும். இதற்கு ஒயிலினாலே மட்டும் பரிகாரம் தேடுதல் அறிவுடைமையன்று. வாயு எஞ்சினை அடையுமுன், துருப்பிடித்த இரும்புச் சீவல் நிரப்பிய ஒரு குழாயினூடாக அதனைச் செலுத்துதல் வேண்டும். துரு அந்த நச்சுவாயுவைப் பற்றிக்கொண்டு கறுப்பாகும். கறுத்த சீவலை வெளியே எடுத்துக் காற்றில் உலர்த்தினால் மீண்டும் துருவாகிப் பயன்படும். அவ்வேளை அது வெப்பமடையுமாதலின் வைக்கோலருகே கொட்டலாகாது. இவ்வெஞ்சினுக்கு அமிலமுறிக்கும் எண் உயர்ந்த ஒயிலைத் தெரிந்து, மாற்றும் இடைவெளியைச் சமையல் வாயுவிற்குரியதிற் பாதியாகக் கொள்ளுதல் பாதுகாப்பானது.

மாற்றும் காலம்

புதிய எஞ்சினின் முதல் ஒயிலை 20 முதல் 25 மணித்தியாலத்துள் வடித்துவிடல் வேண்டும். உராய்ந்து விழுந்த உலோகத் துகள் அதில் இருக்கும். அதன்பின் கையேட்டின்படி 100 அல்லது 200 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. ஆனால் இரண்டு கிழமைக்கொருமுறை அரை மணித்தியாலம் ஓட்டினால் ஆண்டு முழுவதற்கும் 13 மணித்தியாலமே ஆகும். அக்கணக்கைப் பார்த்து ஏழு ஆண்டுகள் ஒரே ஒயிலை விட்டுவைத்தல் ஆகாது. தேங்கிய நீரும் அமிலமும் மணிக்கூட்டைப் பார்ப்பதில்லை. மணித்தியாலம் நிரம்பாவிடினும் ஆண்டுக்கொருமுறை மாற்றுக. கொச்சிக்கடை போன்ற துறைமுகத்தை ஒட்டிய இடத்தில், உப்புக் காற்றும் ஈரமும் மிகுந்திருப்பதால், மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் மாற்றிக்கொள்ளுதல் பொருத்தமாகும்.

இதற்கு மாறான நிலையும் உண்டு. நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு எட்டு நாட்கள் தொடர்ந்தால் 104 மணித்தியாலம் ஆகிவிடும். ஓராண்டு ஒயில் எட்டு நாளில் முடிந்தது என்பதே பொருள். அத்தகைய காலத்தில் ஒவ்வொரு 8 மணித்தியாலத்துக்கும் எஞ்சினை நிறுத்தி, சில நிமிடம் ஆறவிட்டு, சமதளத்தில் வைத்து அளவுக் கம்பியைப் பார்த்தல் வேண்டும். சிறு இயந்திரத்தின் தொட்டி பெரும்பாலும் ஒரு லீற்றரை அடுத்தே கொள்ளும். அதில் கால் லீற்றர் குறைந்தாலும் பெருங்குறையே. பல இயந்திரங்களில் ஒயில் குறைந்தால் தானே நின்றுவிடும் அமைப்பு உண்டு. எஞ்சின் பிழைக்கும், ஆனால் நள்ளிரவில் அது நின்றதை அறியாதவரின் மீன் பிழைக்காது. மேற்கோட்டுக்கு மேல் ஊற்றுதலும் தவறு. மாற்றுதற்குத் தேவையான ஒயிலும் பில்ற்றரும் முன்னரே வாங்கி வைக்கப்பட்டிருத்தல் வேண்டும். மின்வெட்டுக் காலத்தில் அவை விலையேறும், சிலவேளை கிடையா.

வாங்குதலும் வைத்தலும்

கொச்சிக்கடையிலிருப்போருக்குப் பஞ்சிகாவத்தை தொலைவன்று. இயந்திர உதிரிப்பாகங்கள் யாவும் அங்குண்டு. அங்கும் பிற இடங்களிலும் பீப்பாவிலிருந்து அளந்து தரும் ஒயில் மலிவாகக் கிடைக்கலாம். அது பாவித்த ஒயிலை வடிகட்டியதாகவும் இருக்கக்கூடும்; கண்ணாலோ விரலாலோ வேறுபாடு அறிதல் இயலாது. இலங்கையில் இவ்வகை எண்ணெயை இறக்குமதி செய்யவும் கலந்து தயாரிக்கவும் அரசாங்க அனுமதி வேண்டும்; இத்துறையைப் பற்றி அரசுக்கு ஆலோசனை கூறுவது இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவாகும். அனுமதி பெற்ற நிறுவனத்தின் பெயரும், தொகுதி எண்ணும், உடைபடாத மூடியும் உள்ள தகரத்தையே வாங்குக. ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ லீற்றர் போதுமான இடத்தில் மலிவு பார்ப்பதால் மிஞ்சுவது மிகச் சொற்பம்.

மீதி ஒயிலைத் திறந்து வைத்தலாகாது. கூட்டாகப் பீப்பா வாங்கும் பண்ணைகள் அதனை நிமிர்த்தி வெயிலிலும் மழையிலும் விடுகின்றன. பகலில் வெப்பத்தால் விரிந்து இரவிற் சுருங்கும்போது பீப்பா மூச்சிழுக்கும். மூடியின்மேல் தேங்கிய மழைநீரும் உள்ளே செல்லும். பீப்பாவைக் கூரையின் கீழ், மூடிகள் இரண்டும் கிடைமட்டத்தில் வருமாறு படுக்க வைத்தால் இது நிகழாது.

வடித்த ஒயிலை வேலிக்கட்டைகளுக்குக் கறையான் மருந்தாகப் பூசும் வழக்கம் கிராமங்களில் உண்டு. அதில் நோயை விளைக்கும் நச்சுப் பொருள்கள் உள. மழையில் அவை கரைந்து மண்ணிலும் கிணற்றிலும் சேரும். நகரத்தவர் வடிகாலில் ஊற்றினால் அது நேரே துறைமுகக் கடலிற் கலக்கும். பழைய ஒயிலைப் புதிய ஒயில் வந்த தகரத்திலேயே அடைத்து, வாகனங்களுக்கு ஒயில் மாற்றும் நிலையத்தில் ஒப்படைத்துவிடுக.